பிறையின் வெளிச்சப் பக்கம்

ஜெசிந்தாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும், வழி தெரியாது. இதில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் இருந்ததில்லை. செவ்வாய்க் கிரகத்து நெய்தல் குடியிருப்பில் யாருக்குமே வழி தெரியாது. தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த செயற்கைக்கோள்கள் வண்டிக்கு வழி சொல்லும். வண்டி அவளுக்குச் சொல்லும், பெண் குரலில், சுத்தமான தூத்துக்குடித் தமிழில்: “இப்ப இடப்பக்கம் திருப்புங்க.” அவள் திருப்புவாள். பதினைந்து வருஷமாக அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

நெய்தலில் வீடு, பள்ளிக்கூடம், கோயில் எல்லாமே தரைக்கு அடியில். மேலே வரும் கதிர்வீச்சு உடம்புக்கு ஆகாது. வெளியே போவதென்றால் வண்டிக்குள்தான் போக வேண்டும். வண்டியின் முன்புறம் உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி உண்டு, கூரையில் ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. இரண்டையும் இரும்புத் தகடு மூடியிருக்கும். திரையைப் பார்த்து ஓட்டினால் போதும் என்பதால் தகட்டைத் திறக்கிற வழக்கமே விட்டுப்போயிருந்தது. அங்கே பிறந்து கல்யாணம் கட்டிப் பிள்ளையும் பெற்றவர்கள் பலர் தங்கள் வானத்தை நேரே பார்த்ததில்லை.

ஜெசிந்தா அங்கே பிறந்தவள் அல்ல. மணப்பாட்டுக் கடற்கரையில் பிறந்து, பள்ளிக்கூடத்துச் சிறுமியாக அப்பா அம்மாவோடு வந்தவள். நெய்தலில் இரண்டு வகை மனிதர்கள்: வந்தவங்க, பொறந்தவங்க. நிர்வாகக் குழுவில் வந்தவங்கதான். பாடப்புத்தகம் வந்தவங்க கொண்டுவந்ததுதான். பொறந்தவங்களுக்கு எதுவும் தெரியாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் கடலையும் மழையையும் பார்க்காத பிள்ளைகளிடம் பேசும்போது குரலில் ஒரு இரக்கம் தானாக ஏறிவிடும். ஜெசிந்தாவின் குரலிலும் ஏறும். தம்பி கிளமென்ட் கட்டிக்கொண்ட டெல்பினிடம் பேசும்போது கொஞ்சம் கூடுதலாகவே ஏறும்.

டெல்பின் நெய்தலிலேயே பிறந்தவள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதிர்ந்து பேச மாட்டாள். யாராவது ஒன்றை அடித்துச் சொன்னால், தனக்கு வேறு மாதிரித் தெரிந்தாலும், “அப்படியா” என்று அடங்கிவிடுவாள்.

அன்றைக்கு நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியுமாக மேற்கே இருக்கும் சுரங்க முகாமுக்குப் போயிருந்தார்கள். அங்கே வேலை செய்பவர்களுக்கு ஊசி போடுகிற நாள். போட்டு முடித்து, அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு மதியத்துக்கு மேல் கிளம்பினார்கள். பாதி வழி வந்திருப்பார்கள். மண்காற்று எழும்பியது. திரையில் சிவப்புப் புகையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

“இன்னும் கொஞ்ச தூரத்துல வலப்” என்ற குரல், அந்த வார்த்தையை முடிக்காமலே நின்றுபோனது. திரை சாம்பல் நிறமானது.

“என்ன மைனி ஆச்சு?” என்றாள் டெல்பின்.

“சூரியப் புயலு. நாளைக்குத்தான் வரும்னாங்க, இன்னைக்கே வந்துட்டு. மேல இருக்கிற கோளு எல்லாம் வாயை மூடிட்டு.”

“இப்ப என்ன செய்ய?”

“நேரே போவோம். நேரேதானே வீடு.”

அங்கேதான் தப்பு நடந்தது. நேரே போவதாக நினைத்துக்கொண்டு ஓட்டினாள். முன் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. பின்னால் எடுத்தாள், ஒடித்தாள், இன்னொரு பள்ளம். மறுபடி ஒடித்தாள். காற்று ஓய்வதற்காக நின்று பார்த்தாள், பொறுமையில்லாமல் மறுபடி நகர்ந்தாள். கடைசியில் காற்று தணிந்து, முன்கண்ணாடியின் தகட்டைத் திருகித் திறந்தபோது வெளியே இருட்டிவிட்டிருந்தது. சூரியன் எந்தப் பக்கம் இறங்கியது என்று அவர்கள் பார்க்கவே இல்லை. சக்கரத் தடத்தையெல்லாம் மண் மூடிவிட்டது. புழுதி மேலே தொங்கிக்கொண்டிருந்ததால் நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை.

“நாம எந்தப் பக்கம் பாத்து நிக்கோம் மைனி?”

தனக்குத் தெரியவில்லை என்பதே அப்போதுதான் ஜெசிந்தாவுக்கு முழுசாகப் புரிந்தது.

“காந்த ஊசி ஏதும் இருக்குமா?”

“இருந்தாலும் வேலைக்கு ஆகாது. இந்த மண்ணுக்குக் காந்தம் கிடையாது. ஊசி பாட்டுக்குச் சுத்தும்.” வண்டிக்குள் மூச்சுக்காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் காற்றுமானியைப் பார்த்தாள். “விடியிற வரைக்கும் காத்து தாங்காதுட்டி. இப்பமே போயாகணும்.”

வீடு கிழக்கே இருந்தது. நெய்தலுக்கு வரும் தண்ணீர்க் குழாய் வடக்கு தெற்காக நெடுந்தூரம் தரைமேல் கிடக்கும். கிழக்கே போனால் அந்தக் குழாயில் முட்டாமல் இருக்க முடியாது. குழாயைப் பிடித்துவிட்டால் வீட்டைப் பிடித்துவிடலாம். மேற்கே போனால், முகாமைத் தாண்டிவிட்டால், இந்தக் கிரகத்தைச் சுற்றி வந்தாலும் மனிதன் கிடையாது.

கிழக்கு எது என்பது மட்டும்தான் தெரியவேண்டும்.

இருவரும் கண்ணாடிக்கு முகத்தைக் கொடுத்து வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்போது தூரத்தில், தரையும் இருட்டும் சேர்கிற இடத்தில், மங்கலாக ஒரு வெளிச்சம் தலைநீட்டியது. மெதுவாக மேலே வந்தது. வளைந்த நகம் மாதிரி ஒரு கீற்று.

“நிலா!” என்று கத்தினாள் ஜெசிந்தா. “ஏட்டி, நிலா உதிக்குது பாரு! மாதாவே, உனக்குக் கோடி புண்ணியம்! அதான் கிழக்கு. வீடு அந்தப் பக்கம்தான்.”

மணப்பாட்டில் எத்தனை முறை பார்த்திருப்பாள். கடல் கிழக்கே, நிலா கடலில் இருந்து வரும். அவளுக்கு அதில் இம்மியும் சந்தேகம் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பி, நிலாவுக்கு நேராகத் திருப்பினாள்.

கொஞ்ச தூரம் போனார்கள். பிறகு, யாரும் நினைத்திருக்க முடியாத ஒரு காரியத்தை டெல்பின் செய்தாள். கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

“மைனி, நிறுத்துங்க.”

“கையை எடுட்டி!”

“நிறுத்துங்க மைனி. அது மேற்கு.”

ஜெசிந்தா வண்டியை நிறுத்தினாள். கோபத்தில் நிறுத்தினாள். “உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? நிலா எங்கயாவது மேற்க உதிக்குமா? நீ நிலாவப் பாத்திருக்கியா மொதல்ல?”

“பாத்திருக்கேன்.”

அவள் அதைச் சொன்ன விதத்தில் ஜெசிந்தா கொஞ்சம் அடங்கினாள்.

“சின்னப் பிள்ளையில எனக்கு நெஞ்சு சரியில்லன்னு தனி வார்டுல போட்டிருந்தாங்கல்லா,” என்றாள் டெல்பின். “அது மேல்தளத்துல இருந்துச்சு. கட்டிலுக்கு எதிர்க்க ஒரு சின்ன ஜன்னல். கூட யாரும் கிடையாது, அதைத்தான் பாத்துக்கிட்டுக் கிடப்பேன். சாயங்காலம் சூரியன் நீலமா இறங்கும். கொஞ்ச நேரம் கழிச்சு அதே இடத்துல இது மேல வரும். எல்லா நாளும் வராது. வந்தா அங்கனதான் வரும். ஒருநாள்கூட அங்கன போய் இறங்கி நான் பாத்ததில்ல.”

“இதை ஏன்ட்டி நீ யார்கிட்டயும் சொன்னதில்ல?”

“சொன்னேன் மைனி. பள்ளிக்கூடத்துல பரீட்சையில எழுதினேன். சூரியன் கிழக்கே உதிக்கும், நிலா மேற்கே உதிக்கும்னு. டீச்சர் சிவப்பு மையால அடிச்சுட்டு, வகுப்புல சத்தமா வாசிச்சுக் காட்டினாங்க. எல்லாப் பிள்ளைகளும் சிரிச்சுச்சு. சரி, காய்ச்சல்ல கிடந்தவதானே, நான்தான் மாத்திப் பாத்திருப்பேன் போலன்னு விட்டுட்டேன்.” அவள் கை இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை. “இப்பவும் எனக்கு நிச்சயமாத் தெரியல. நீங்க சந்தோசமா இருந்தீங்க. சொல்லவா வேண்டாமான்னு இருந்துச்சு. ஆனா தப்பாப் போயிட்டா?”

தப்பாகப் போய்விட்டால் என்ன ஆகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஜெசிந்தா மறுபடியும் நிலாவைப் பார்த்தாள். இந்த முறை அவசரப்படாமல் பார்த்தாள். ஊர் நிலாவில் பாதிகூட இல்லாத, விளிம்பு சரியாக வளையாத, கல் மாதிரி ஒரு நிலா. ஒல்லிப் பிறை. இப்போதுதான் பொழுது சாய்ந்திருக்கிறது. பொழுது சாய்ந்த நேரத்தில் பிறை.

சாயங்காலப் பிறையை மணப்பாட்டில் எங்கே பார்த்தோம்? கடலில் இருந்து வந்தது எல்லாம் முழு நிலா, தாம்பாளம் மாதிரி. பிறையைக் கடல் பக்கம் ஒருநாளும் பார்த்ததில்லை. பிறை தெரியும் நாளெல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றோம். ஊருக்குப் பின்னால், பனைகளுக்கு மேலே, சூரியன் போன பக்கம்.

“டெல்பின்,” என்றாள் மெதுவாக. “அதோட வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கு?”

“கீழ்ப்பக்கம். தரையைப் பாத்து.”

“நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. சூரியன் எந்தப் பக்கம் நிக்கோ அந்தப் பக்கம்தான் வெளுப்பா இருக்கும். எங்க ஊரு நிலாவுக்கும் அதான், உங்க ஊரு நிலாவுக்கும் அதான். அப்பன்னா சூரியன் அங்க கீழ கிடக்கு.” விரலால் கண்ணாடியில் அந்தத் தொடுவானத்தைத் தொட்டாள். “இப்பதான் இறங்கின சூரியன். அது மேற்குட்டி. நீ சொன்னதுதான் சரி.”

டெல்பின் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“ஆனா அது ஏன் மைனி மேற்க இருந்து ஏறுது?”

“நம்ம தரை சுத்துற வேகத்த விட அது வேகமாச் சுத்துது போல. ரோட்டுல போறப்ப பின்னால வர்ற பஸ் நம்மள முந்திட்டுப் போவும்லா, அப்படி. ஊருல நாமதான் நிலாவை முந்துவோம். இங்க அது நம்மள முந்துது.” ஜெசிந்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “எத்தனை வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், ஒருநாள் தலையைத் தூக்கிப் பாத்தேனா?”

வண்டியை அரை வட்டமாகத் திருப்பினாள். இனி நிலா முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். டெல்பின் இருக்கைமேல் ஏறி நின்று கூரைக் கண்ணாடியின் தகட்டைத் திறந்தாள். பின்னால் பார்த்துக்கொண்டே, “கொஞ்சம் இடப்பக்கம் மைனி. போதும். இப்ப நேரே,” என்று சொல்லிக்கொண்டு வந்தாள். சுத்தமான தூத்துக்குடித் தமிழ்தான் அதுவும். தூத்துக்குடியை அவள் பார்த்ததில்லை.

நிலா அவர்களைத் துரத்திக்கொண்டு ஏறியது. ஊர் நிலாவுக்குப் பதினைந்து நாள் பிடிக்கிற வேலையை இது ஒரே மூச்சில் செய்தது. போகப் போகக் கீற்று தடித்துப் பாதியானது, பாதி முக்காலானது. தலைக்கு மேலே வந்தபோது கிட்டத்தட்ட முழு நிலா. டெல்பின் அவ்வளவு பெரிதாக அதைப் பார்த்ததில்லை. அவளுடைய ஜன்னலில் அது பிறையாகத் தொடங்கி, சட்டத்துக்கு மேலே போய் மறைந்துவிடும்.

“மைனி, இது இவ்வளவு அழகா?” என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, நிலா மங்கத் தொடங்கியது. யாரோ திரியை இறக்கின மாதிரி கறுத்துக்கொண்டே வந்து, காணாமலே போனது.

“மைனி! நிலா இல்ல. அணைஞ்சுட்டு!”

வண்டி நின்றது. சுற்றிலும் எதுவும் இல்லை. வண்டி விளக்கின் வட்டத்துக்கு வெளியே உலகமே எடுத்துக்கொண்டு போகப்பட்டது போல் இருந்தது.

“மேகமா?”

“இங்க ஏது மேகம்.” ஜெசிந்தா யோசித்தாள். “சூரியன் நமக்குக் கீழ, நிலா நமக்கு மேல. நடுவுல இந்தத் தரை. நிழல்ல மாட்டிக்கிட்டு. கிரகணம். வெளிய வந்துரும்.”

“எப்ப?”

“தெரியாது.”

காற்றுமானியின் முள் அதன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நின்றாலும் இறங்கும், ஓடினாலும் இறங்கும். ஜெசிந்தாவின் கால் முடுக்கியின் மேலேயே இருந்தது. நேரேதானே, மெதுவாகப் போய்ப் பார்க்கலாமே என்று உடம்பு முழுக்கச் சொன்னது. மதியம் அப்படித்தான் சொன்னது. காலை எடுத்துக் கீழே வைத்தாள்.

“நிப்போம்,” என்றாள். “தெரியாம நகர வேண்டாம்.”

டெல்பின் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அருள்நிறை மரியே சொல்லத் தொடங்கினாள். ஜெசிந்தா பாதியில் சேர்ந்துகொண்டாள். ஜெபமாலை ஒரு சுற்று முடிந்தது. இன்னொரு சுற்றும் முடிந்தது. நடுவில் டெல்பின் கேட்டாள்: “கடல் எப்படி மைனி இருக்கும்?” ஜெசிந்தா வாயைத் திறந்தாள், வழக்கமான இரக்கக் குரலில் சொல்ல வந்தாள். “கடல் கிடக்கட்டும்,” என்றாள் பிறகு. “நீ அந்த நீலச் சூரியனைச் சொல்லு. நான் அதைப் பாத்ததே இல்ல.”

டெல்பின் சொன்னாள். நடுவில் சிவப்புக்கே இடமில்லாமல், ஐஸ் வைத்த கண்ணாடி டம்ளர் மாதிரி எப்படி வானம் நீலமாகிக் குளிரும் என்று சொன்னாள். ஜெசிந்தா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவள் சொல்லிக்கொண்டிருந்தபோதே முன்கண்ணாடியில், வண்டிக்கு நேர் எதிரே, பாதி வானத்தில் ஒரு ஓரம் வெளுத்தது. நிலா நிழலை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. இப்போது அது அவர்களுக்கு முன்னால் போய்விட்டிருந்தது. கிழக்கே இறங்கப் போகிற நிலா.

“இனி துரத்த வேண்டியது நாமதான்,” என்று வண்டியைக் கிளப்பினாள் ஜெசிந்தா.

நிலா தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் விளக்கு வெளிச்சத்தில் குழாய் பளபளத்தது. அதில் தண்ணீர் போகும் திசைக்கு வெள்ளை அம்புக்குறி போட்டிருந்தது. ஜெசிந்தா வண்டிக்குள் இருந்தபடியே அந்தக் குழாயைப் பார்த்துக் கும்பிட்டாள்.

நெய்தலின் கதவு திறந்தபோது கிளமென்ட் ஓடிவந்து யாரை முதலில் கட்டிப்பிடிப்பது என்று தெரியாமல் நடுவில் நின்றுவிட்டான். ஜெசிந்தா அவனைத் தள்ளி டெல்பின் பக்கம் விட்டாள். “அவளைப் புடி. அவ இல்லன்னா உங்க அக்கா இல்ல.”

நிர்வாகி ராஜரீகம் அங்கே நின்றிருந்தார். நல்ல மனிதர், எதையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பவர். அவர் முகத்தில் பாதி நிம்மதிதான் இருந்தது.

“இன்னாசி இன்னும் வரல,” என்றார். “உங்களுக்குப் பின்னாலயே முகாம்ல இருந்து சரக்கு வண்டியோட கிளம்பியிருக்கான். சரக்கு வண்டியில காத்து கூடுதலா இருக்கும், நாளைக்குப் பொழுது அடையிற வரைக்கும் தாக்குப்பிடிப்பான். நல்லபடியா ஓடுறது ரெண்டே வண்டி. விடிஞ்சதும் ரெண்டையும் முகாமுக்கும் நமக்கும் நடுவுல வடக்கத் தெக்கத் தேட விடப்போறேன்.”

இன்னாசி, மணப்பாட்டுக்குப் பக்கத்து ஊரான உவரிக்காரர். வளர்ந்து ஆளான பிறகு வந்தவர். உவரியிலும் கடல் கிழக்கேதான்.

“சார்,” என்றாள் ஜெசிந்தா. “அங்க தேட வேண்டாம். முகாமுக்கு மேற்க தேடணும்.”

“முகாமுக்கு மேற்க என்ன இருக்கு? அவன் எதுக்கு அங்க போகப் போறான்?”

“நிலாவப் பாத்துப் போயிருப்பாரு. நிலா உதிச்சா கிழக்குன்னு நினைச்சிருப்பாரு. இங்க அது மேற்க உதிக்குது சார்.”

ராஜரீகம் அவளையே பார்த்தார். “புத்தகத்துல கிழக்குன்னுதானே போட்டிருக்கு?”

“அது அந்த ஊருப் புத்தகம் சார்,” என்றாள் டெல்பின். அவள் குரலை அவர் அதற்கு முன் கேட்டிருந்தாரோ என்னவோ. “இந்த ஊர்ல யாரும் பாத்து எழுதல.”

“நீங்க சொல்றது தப்புன்னா ஒரு வண்டி நாள் முழுக்க வீணாப் போகும். ஆளும் போயிருவான்.”

“தெரியும் சார்,” என்றாள் ஜெசிந்தா. “அவரு வெளிச்சப் பக்கத்தைக் கவனிச்சிருந்தா தப்பிச்சிருப்பாரு. எனக்கே இவ கையைப் புடிச்சு நிறுத்தின பெறகுதான் அதைப் பாக்கத் தோணுச்சு. தனியா இருந்திருந்தா மாதாவுக்கு நன்றி சொல்லிக்கிட்டே தப்பான பக்கம் ஓட்டியிருப்பேன். அவரு தனியாத்தான் இருக்காரு.”

ராஜரீகம் ஒரு வண்டியைக் கொடுத்தார்.

விடிந்ததும் சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஜெசிந்தா ஓட்டினாள். டெல்பின் கூரைக் கண்ணாடிக்குக் கீழே நின்றாள். முகாமைத் தாண்டிச் சில மேடுகள் ஏறி இறங்கிய பிறகு, “தடம் மைனி!” என்று கத்தினாள். மண்காற்று ஓய்ந்த பிறகு விழுந்த சக்கரத் தடம். தடுமாற்றமே இல்லாமல், நூல் பிடித்தது போல, மேற்கே போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகிறோம் என்று நிச்சயமாக நம்பியவனின் தடம்.

தடத்தின் முடிவில் சரக்கு வண்டி அச்சுவரை மணலில் இறங்கிக் கிடந்தது. கதவோடு கதவை ஒட்டிப் பூட்டிவிட்டு உள்ளே போனார்கள். இன்னாசி இருக்கையில் சாய்ந்திருந்தார். உதடு நீலமாக இருந்தது. டெல்பின் மூச்சுக்காற்று முகமூடியை அவர் முகத்தில் பொருத்தி, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். இருக்கிறார்.

வெகுநேரம் கழித்து அவர் கண் திறந்தார். முகமூடிக்குள் ஏதோ சொன்னார். டெல்பின் அதைக் கொஞ்சம் விலக்கினாள்.

“நிலாவப் பாத்துத்தான் வந்தேன் தாயி. அது உதிச்ச பக்கம் விட்டு விலகாமத்தான் வந்தேன். வீட்டைக் காணல.” மூச்சு வாங்கினார். “இந்த அத்துவானத்துல நான் கிடப்பேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஜெசிந்தா அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“நானும் இங்கதான் வரப் பாத்தேன் அண்ணே,” என்றாள். “இவ விடல.”